செங்கம்மாள் கடை வாசலில் வங்காள விரிகுடா

"கடல மூடறதுக்கு உங்க ஆபீஸ்காரன் யாருடி? அவங்கப்பன் வூட்டுக் கதவா அது, இஷ்டத்துக்குச் சாத்தறதுக்கும் தொறக்கறதுக்கும்?"

"அத்தே, மெதுவா பேசு. உள்ள மீட்டிங் நடந்துகினு கீது."

"நடக்கட்டும், நல்லா நடக்கட்டும்! அங்க போட்டெல்லாம் மணல்ல படுத்துகினு கீது, இங்க இவனுங்க ஏசில குந்திகினு மீட்டிங் போடறானுங்க. கூப்புடுடி அவன. எந்தக் கடல்ல எங்கடா அலை கீதுன்னு நான் கேக்கறேன்."

"அவரு டைரக்டரு அத்தே. அவன் இவன்னு பேசாத."

"டைரக்டர்னா போயி சினிமா எடுக்கச் சொல்லு!"

செங்கல்பட்டு பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜவுளிக்கடைக் கட்டடத்தின் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் நடந்த சம்பாஷணை இது. கத்தியவள் செங்கம்மாள், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், வீட்டு வாசலிலேயே இட்லி, வடை விற்கும் நாஸ்தா கடை வைத்திருப்பவள். கெஞ்சியவள் ஜெனிட்டா, செங்கம்மாளின் அண்ணன் மகள். அதோடு செங்கம்மாளின் மகன் ஜெபக்குமாருக்கு நிச்சயம் செய்யப்பட்டிருக்கும் பெண். கீழே முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த கூட்டம் விரித்த புடவையை மடிக்காமல் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. குறை சொல்வதற்கில்லை. பட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். இப்படியொரு சண்டை எல்லாக் கடையிலும் கிடைக்குமா?

சண்டையின் அருமை தெரிய வேண்டுமானால் அந்த மூன்றாம் மாடி ஆபீசின் பெருமை தெரிய வேண்டும். மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டது. பிறகு சக்கரத்தைக் கண்டது. அதன்பின் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, 'கடலோர வானிலைத் தரவு ஒருங்கிணைப்பு மைய'த்தைக் கண்டது. இடையில் வந்ததெல்லாம் சில்லறை. கடலோர மையம் கடலோரத்தில் இல்லாமல் செங்கல்பட்டில் ஏன் இருக்கிறது என்று விவரமில்லாதவர்கள் கேட்பார்கள். கடல் கண்ணில் பட்டால் கடலைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வந்துவிடும். அபிப்பிராயம் வந்தால் விஞ்ஞானம் கெட்டுவிடும். ஆகவே, கொளவாய் ஏரி மட்டும் தெரிகிற மாதிரி இடம் பார்த்து அமைத்தார்கள். அந்த ஏரியும் மனதைக் கலைக்கக் கூடாதென்று ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுவிட்டார்கள்.

மையத்துக்கு நான்கு சாட்சிகள். சென்னையில் இறங்க வரும் விமானங்கள் போகிற போக்கில் காற்றை அளந்து அனுப்பும். தூரத்தில் போகும் சரக்குக் கப்பல்கள் தங்களைச் சுற்றியுள்ள அலையையும் மேகத்தையும் குறித்து அனுப்பும். செயற்கைக்கோள் மேலேயிருந்து படம் பிடிக்கும். நான்காவது, மாமல்லபுரத்துக்கு நேரே கடலில் நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கும் மஞ்சள் மிதவை. தான் எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்து அலையின் உயரத்தையும், அடிப்பாகத்தில் உள்ள கருவியால் நீரின் வெப்பத்தையும் சொல்லும். நான்கும் வந்து சேருமிடம் ஜெனிட்டாவின் கணினித் திரை. அவள் ஒப்பந்தத் 'தரவு உதவியாளர்'. திருக்கழுக்குன்றத்துப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட முதல் ஆள். அந்த அட்டையைக் கழற்றாமல் பஸ்ஸில் வருகிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வந்தால் என்ன? மற்றவர்கள் தங்கச் சங்கிலியை உள்ளே விட்டுக்கொண்டா வருகிறார்கள்?

மையம் பச்சை காட்டினால் போட்டுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் உண்டு. சிவப்பு காட்டினால் கிடையாது. மிதவை சொல்லும் அலை ஒருமுறை மூன்று மீட்டரைத் தாண்டிவிட்டால் அந்த நொடியிலிருந்து மறுநாள் முழுக்கச் சிவப்பு. தீபாவளி கழிந்ததிலிருந்து தினமும் சிவப்புதான். கடலோ, ஆற வைத்த பால் மாதிரி ஆடாமல் கிடக்கிறது.

போட்டு போகாவிட்டால் பசியோடு கரையேறும் ஆளில்லை. செங்கம்மாளின் இட்லிக்குக் கிராக்கியில்லை. போட்டு ஓடாவிட்டால் இன்ஜின் கெடாது. போட்டு இன்ஜின் மெக்கானிக்கான ஜெபக்குமாருக்கு வேலையில்லை. ஆகவே செங்கம்மாள் படிக்கட்டில் நின்று தன் தீர்ப்பைச் சொன்னாள்:

"கேட்டுக்கோ. கடலு தொறந்தாதான் கல்யாணத்துக்குத் தேதி. தொறக்கலியா, நீ இந்தப் பொட்டியையே கட்டிகினு குடும்பம் நடத்து."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கினாள். போகிற வழியில் ஒரு மாம்பழ மஞ்சள் புடவையைத் தொட்டுப் பார்த்து, "சாயம் போவும்" என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் கேள்வி.

உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இயக்குநர் பாலசுப்ரமணியன் தலைமை. அவர் எதையும் அவசரப்பட்டு முடிவு செய்கிறவர் அல்ல. கூட்டம் போட்டுத்தான் அவசரப்படுவார். பக்கத்தில் முதுநிலை அலுவலர் சுப்புராமன். அவருக்கு இயக்குநரின் கருத்தே கருத்து. இயக்குநர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

"கப்பல் என்ன சொல்லுது?"

"கடல் அமைதின்னு சொல்லுது சார்."

"எந்த நாட்டுக் கப்பல்?"

"பனாமா கொடி சார்."

"பனாமாக்காரனுக்கு மாமல்லபுரத்தப் பத்தி என்ன தெரியும்? தள்ளுங்க. விமானம்?"

"காத்தே இல்லைங்குது சார்."

"அவ்வளவு வேகத்துல போறவனுக்கு எந்தக் காத்து தெரியும்? தள்ளுங்க. செயற்கைக்கோள்?"

"மேகமே இல்ல சார். படம் சுத்தமா இருக்கு."

"எவ்வளவு உயரத்துல இருந்து எடுக்குது? அந்த உயரத்துல இருந்து பாத்தா உங்க சம்சாரத்துக்குக் கோபம் வந்தாக்கூடத் தெரியாது சுப்புராமன். தள்ளுங்க. நம்ம மிதவை?"

சுப்புராமன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சந்நிதியில் அப்படித்தான் பேசுவார்கள். "நாலரை மீட்டர் சார். வழக்கம்போல சாயங்காலம் ஆரம்பிச்சு இருட்டினதும் ஓயுது. ஞாயித்துக்கிழமை மட்டும் காலையிலயே ஆரம்பிச்சிடுது."

விமானமும் கப்பலும் செயற்கைக்கோளும் ஊரான் பிள்ளைகள். மிதவை மையம் பெற்ற பிள்ளை. எந்தத் தகப்பன் தன் பிள்ளையைப் பொய்யன் என்பான்? பாலசுப்ரமணியன் அதற்கு 'மாமல்லபுரம் மாலைநேர அலை' என்று பெயரும் சூட்டிவிட்டார். உலகில் எந்தக் கடலிலும் ஞாயிற்றுக்கிழமையை அறிந்த அலை கிடையாது. அதோடு, தினமும் காலையில் நாஸ்தா வேளைக்குச் சரியாக நீரின் வெப்பம் எகிறித் தணிந்தது. அது 'காலைநேர வெந்நீரோட்டம்'. இரண்டைப் பற்றியும் டெல்லி மாநாட்டில் கட்டுரை வாசிக்க அவருக்கு அழைப்பு வந்திருந்தது. மிதவை இருக்குமிடம் கொஞ்ச நாளாகக் கரைக்குள் காட்டுகிறதே என்று ஜெனிட்டா ஒருமுறை சொன்னபோது, இடம் காட்டும் கருவியில் கோளாறு என்று கண்டுபிடித்து, பழைய இடத்தையே தினமும் கையால் போட்டுவந்தவர் சுப்புராமன்.

"சார், ஒரு தடவ நேர்ல போயி பாத்துட்டு வரலாமா?" என்றாள், படிக்கட்டிலிருந்து உள்ளே வந்த ஜெனிட்டா. அவள் காதில் அத்தையின் தீர்ப்பு இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

பாலசுப்ரமணியன் யோசித்தார். தான் பெயரிட்ட அலையைத் தானே பார்க்காமல் டெல்லி போனால் நன்றாயிருக்காது. "போவோம்" என்றார். அவர் பதவியேற்ற பிறகு கடலுக்குப் போவது அதுதான் முதல் தடவை. தொப்பி வாங்கினார்.

ஜீப் குப்பத்துக்கு வந்து சேரும்போது பள்ளிக்கூடம் இன்னும் விடவில்லை. ஜெனிட்டா ரோட்டுக்கு இந்தப் பக்கமே, வலைக் குவியலின் அருகில் நின்றுவிட்டாள். நிச்சயம் ஆன பெண் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதென்பது அவர்கள் வழக்கம். அத்தையின் கடையே வாசல்தான். நிச்சயம் ஆடியில், அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் மாப்பிள்ளை, காலுக்கெட்டாத தூரத்தில் வீடு. இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்களோ.

பாலசுப்ரமணியன் கடைக்குப் போனார். அங்கே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும், சாக்கு விரித்து மேலே பாயும் போட்ட வட்டமான ஆசனம் ஒன்றும் இருந்தன. பதவிக்கேற்ப ஆசனத்தில் அமர்ந்தார். அதன் அடி உருண்டை. குழிந்த மணலில் லேசாக ஆடிக் கொடுத்தது. நடுவிலிருந்து ஒரு கம்பம் நீண்டு, வாழைத்தார் ஒன்றையும் தார்ப்பாயின் ஒரு முனையையும் தாங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா சாப்புடற சாரு?" என்றாள் செங்கம்மாள். இவர்தான் கடலை மூடியவர் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சட்னியோடு வேறு சிலதும் கிடைத்திருக்கும்.

வடை வந்தது. கடலைப் பார்த்தார். அது கண்ணாடி மாதிரி இருந்தது. யோசிக்கும்போது காலாட்டுவது அவர் பழக்கம். யோசித்தார். உடனே செங்கல்பட்டிலிருந்து சுப்புராமனின் போன்.

"சார், அலை ஆரம்பிச்சிடுச்சு! ஒன்றரை மீட்டர்!"

"அப்படியா?" இயக்குநர் கடலை உற்றுப் பார்த்தார். "ஆமா. எனக்கும் லேசா தெரியுது."

"ரெண்டு மீட்டர் சார்!"

அவர் பரவசத்தில் வேகமாகக் காலாட்டினார். "மூணு சார்!" என்றது போன். நன்றாகப் பார்ப்பதற்காக எழுந்து நின்றார்.

"நின்னு போச்சு சார்!"

"சே!" என்று தொப்பென்று உட்கார்ந்தார்.

"சார்! ஆறு மீட்டர்! இந்த மாதிரி வந்ததே இல்ல சார்! நீங்க பத்திரமா இருக்கீங்களா சார்?"

"விஞ்ஞானத்துக்காக எல்லாத்துக்கும் தயாரா இருக்கேன் சுப்புராமன்" என்றார் பாலசுப்ரமணியன், கடைசி வடையைக் கையில் பிடித்தபடி.

ரோட்டின் இந்தப் பக்கம் ஜெபக்குமார் காகிதத்தில் சுற்றிய பஜ்ஜியை ஜெனிட்டாவிடம் நீட்டினான். வேலையில்லாத கை கிரீஸ் கறைகூட இல்லாமல் வெளுத்திருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"மச்சான், அது இன்னாது?"

"எது?"

"எங்க சாரு குந்திகினு கீறாரே, அது."

"அதுவா? வெங்கடேசன் அண்ணாத்த வலையில மாட்டிகிச்சு. நங்கூரச் செயினு அறுந்து சும்மா மெதந்துகினு இருந்துச்சாம். இயுத்துகினு வந்து கரைல போட்டாரு. அதுல ஒரு போன் நம்பரு எழுதியிருந்துச்சு, போனும் போட்டாரு. 'உங்க மெதவ இங்க கரைல கீதுப்பா'ன்னாரு. எடுத்த ஆளு, 'எங்க மிதவை நல்லா வேலை செய்யுது, தகவல் வந்துகிட்டே இருக்கு, அதனால அது கடல்லதான் இருக்கு'ன்னு சொல்லி வெச்சிட்டான். சரி, அப்ப இது வேற யாருதோன்னு அம்மா கட வாசல்ல போட்டுடுச்சு. புள்ளைங்க ஸ்கூல் வுட்டு வந்தா அதுமேல ஏறி ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுதுங்க. ஞாயித்துக்கெயமன்னா காலைலயே வந்துடுங்க. அம்மா இட்லிப்பானத் தண்ணியக்கூட அதுக்கு அடியிலதான் ஊத்தும். ஏன், இன்னா ஆச்சு? ஏன் குந்திட்ட?"

ஜெனிட்டா வலைக் குவியலின் மேல் உட்கார்ந்தேவிட்டாள். மாலைநேர அலை, காலைநேர வெந்நீரோட்டம், தன் கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கும் வங்காள விரிகுடா, எல்லாமே மாமியார் வீட்டு வாசலில் வாழைத்தார் மாட்டிக்கொண்டு நின்றன.

அதற்குள் பள்ளி விட்டு ஓடிவந்த பிள்ளைகள் பாலசுப்ரமணியனைச் சூழ்ந்துகொண்டன. "எந்திரி தாத்தா! நாங்க ஆடணும்."

திரும்பும் வழியில் ஜீப்பில் அவள் சொல்லிவிட்டாள். சொன்னால் அத்தையைப் போலீஸ் பிடிக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். சொல்லாவிட்டால் கடல் திறக்காது. ஒரே மூச்சில் சொன்னாள். திருக்கழுக்குன்றத்து மலை வந்து போனதும் பாலசுப்ரமணியன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"குப்பத்துக்கே தெரியும் சார்."

"குப்பத்துக்குத் தெரிஞ்சா பரவாயில்லம்மா. டெல்லிக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப யாருக்கும் தெரியாது."

"சார், அத எடுத்துட்டுப் போய்க் கடல்ல வுட்டுட்டா..."

"அவசரப்படாதே. இத்தனை நாள் ஒரே இடத்துல இருந்து தொடர்ச்சியா தரவு வந்திருக்கு. இப்ப இடத்த மாத்தினா தொடர்ச்சி கெட்டுடும். தொடர்ச்சிதான் விஞ்ஞானத்துக்கு உயிர். மிதவை கரையில இருக்கறது சின்னக் குறை. அது மாறாம இருந்துட்டா பெரிய நிறை."

இவ்வளவு தெளிவாகச் சிந்திக்கிறவரை இந்த நாடு செங்கல்பட்டில் வைத்திருந்தது அநியாயம்தான்.

அந்த வாரத்திலேயே செங்கம்மாளுக்கு ஆணை வந்தது. அவள் 'கௌரவ மிதவைக் காப்பாளர்'. போட்டோ ஒட்டிய அடையாள அட்டை, நீல நிற நாடா, குடை. கடையில் உட்கார்ந்திருப்பதுதான் பணி. மிதவையை இடம் மாற்றக் கூடாது, அதைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்பவை நிபந்தனைகள். அட்டை கழுத்தில் விழுந்த அன்றே அவளுக்கு விஞ்ஞானத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. டோக்கன் கேட்டுக் கத்திய வெங்கடேசனிடம், "கடலப் பத்தி உனுக்கு இன்னா தெரியும் அண்ணாத்த? மெசினு சொல்லுது, அலை கீதாம். கேட்டுக்கினு போவியா" என்றாளாம். ஜெனிட்டாவுக்குப் போன் செய்து, "கிறிஸ்மஸ் தாண்டினதும் சர்ச்சுல தேதி கேட்டுடலாம்டி" என்றும் சொன்னாள்.

இப்போது முரண்டு பிடித்தவன் ஜெபக்குமார்.

"சும்மா குந்திகினு கீற மாப்ளையா நான் சர்ச்சுல நிக்க மாட்டேன் ஜெனி. கடலு தொறக்கட்டும், நாலு இன்ஜின் ஓடட்டும், கையில கிரீஸ் ஏறட்டும். அப்புறம் தாலி கட்றேன்."

"கடலு தொறக்காதுன்னா?"

"தொறந்த அன்னைக்கே மொத போட்டுல நான் ஏறிடுவேன். பாரு."

அவன் சொன்னபடியே ஆனது. டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை வந்தது. தாய்மார்கள் பிள்ளைகளைக் காதைப் பிடித்து வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மிதவை ஆடவில்லை. மாமல்லபுரத்துக் கடல் வரலாறு காணாத வகையில் அடங்கிவிட்டது. அலை உயரம் பூஜ்யம். பாலசுப்ரமணியன் அதற்கும் 'மார்கழி ஓய்வு' என்று பெயரிட்டு, கட்டுரையில் ஓர் அத்தியாயம் சேர்த்துக்கொண்டார். மையம் பச்சை காட்டியது. குப்பமே கடலுக்குள் இறங்கியது. வெகுநாள் ஓடாமல் கிடந்த இன்ஜின் நடுவில் மக்கர் பண்ணுமே என்று வெங்கடேசன் தன் போட்டில் ஜெபக்குமாரையும் ஏற்றிக்கொண்டான்.

அன்றைக்குக் காலை ஜெனிட்டாவின் திரையில் மூன்று ஊரான் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அலறின. செயற்கைக்கோள் படத்தில் கரைக்குக் கிழக்கே வெள்ளையாக ஒரு மேகத்திரள் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு சரக்குக் கப்பல், சூறைக்காற்று, பெரிய அலை, விலகிப் போகிறோம் என்று அனுப்பியது. இறங்க வந்த விமானம் காற்றில் தூக்கியடிக்கப்பட்டுத் திரும்ப மேலே போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. மையம் பெற்ற பிள்ளை மட்டும் வாழைத்தாரோடு சமர்த்தாக இருந்தது.

அவள் இயக்குநரின் அறைக்கு ஓடினாள். டெல்லிப் பயணத்துக்குப் பெட்டி தயாராக இருந்தது.

"சார், சிவப்பு போடுங்க! சூறக்காத்து வருது. போட்டெல்லாம் வெளிய கீது சார்!"

"எதை வச்சுப் போடறது? மிதவை பூஜ்யம் காட்டுது."

"மிதவ தரையில கீது சார்! உங்களுக்கே தெரியும்!"

"எனக்குத் தெரியும்மா. விதிமுறைக்குத் தெரியாதே? மிதவை மூணு மீட்டர் தாண்டினா சிவப்பு. தாண்டலைன்னா பச்சை. மத்த மூணையும் நாமதான் நம்ப முடியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கோம். இன்னைக்கு நம்பினா, அன்னைக்கு ஏன் நம்பலைன்னு கேப்பான்."

"சார், நீங்க போற விமானமே எறங்க முடியாம சுத்திகினு கீது!"

"அப்ப விமானம் லேட்டுன்னு சொல்லு. அலைன்னு சொல்லாதே."

ஜெபக்குமாருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. இன்னொரு தடவை போட்டாள். அவன் கடலில்தான் இருக்கிறான் என்பதைப் போன் கம்பெனி மட்டும் சரியாகச் சொன்னது. சிவப்பைப் போட இந்த உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அத்தைக்குப் போன் போட்டாள்.

"அத்தே, மெதவைய ஆட்டு!"

"இன்னாது?"

"வாசல்ல கீதே, அந்த மஞ்சா மெதவ. அதப் புடிச்சு ஆட்டு. சீக்கிரம்!"

"அடி போடி. அது கவர்மெண்டு பொருளு. நான் காப்பாளரு. பரிச்சைக்குப் படிக்கற புள்ளைங்களே தொடல, நான் ஆட்டணுமா? கார்டப் புடுங்கிடுவாங்க."

"அத்தே, பெரிய காத்து வருது. உம்புள்ள வெங்கடேசன் அண்ணாத்த போட்டுல கீறான். நீ ஆட்டினாதான் இங்க சிவப்பு வுயும். சிவப்பு வுயுந்தாதான் அவங்களுக்கு ஒயர்லெஸ்ல சொல்லுவாங்க. எனுக்கு வேற வழி தெர்ல அத்தே..."

மறுமுனையில் ஒரு கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு செங்கம்மாளின் குரல், போனில் அல்ல, தெருவைப் பார்த்து: "அடியே, யாருடி அங்க! எல்லாரும் வாங்கடி! வாங்கடி, வந்து ஆட்டுங்கடி!"

ஜெனிட்டா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூஜ்யம். பூஜ்யம். அரை மீட்டர். ஒன்று. குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வது எண்களில் தெரிந்தது. இரண்டரை. மூன்றரை. ஐந்து. மகனைக் கடலுக்கு அனுப்பியவர்கள், புருஷனை அனுப்பியவர்கள், எல்லாரும் சேர்ந்து ஆட்டியபோது வங்காள விரிகுடா எட்டு மீட்டரைத் தொட்டது.

"சார்!" என்று சுப்புராமன் துள்ளிக் குதித்தார். "மாலைநேர அலை காலையிலயே வந்துடுச்சு சார்!"

சிவப்பு தானாக விழுந்தது. கரையில் சங்கு ஊதியது. போட்டுகளுக்கு ஒயர்லெஸ்ஸில் செய்தி போனது. கடலும் வானமும் அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தன. போட்டுகள் மூக்கைத் திருப்பிக் கரைக்கு ஓடி வந்தன. கடைசியாக வந்த வெங்கடேசனின் போட்டில் இன்ஜின் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் ஜெபக்குமார் அதைத் திட்டித் திட்டியே ஓட வைத்தான். கரையேறும் இடத்தில் அலை போட்டைக் கவிழ்த்தது. எல்லாரும் தவழ்ந்து வந்தார்கள். சூறைக்காற்று செங்கம்மாள் கடையின் தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போனது. மகன் நனைந்து, முகமெல்லாம் கிரீஸோடு எதிரே வந்து, "அம்மா, போதும், வுடு" என்று கையைப் பிடித்து விலக்கும்வரை அவள் ஆட்டிக்கொண்டேயிருந்தாள்.

இந்தச் சாதனையை டெல்லி உரிய முறையில் கௌரவித்தது. விமானத்தையும் கப்பலையும் செயற்கைக்கோளையும் நம்பாமல், மிதவை ஒன்றையே நம்பிப் பல உயிர்களைக் காத்த துணிவுக்காகப் பாலசுப்ரமணியனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவருடைய பேச்சைக் கேட்டுப் பலர் கண்கலங்கினார்களாம். பிறகு முறைப்படி விசாரணையும் நடந்தது. அதை நடத்தியவர் சுப்புராமன். செங்கம்மாள் அவர் எதிரே நின்றாள்.

"மிதவையை ஆட்டினீங்களா இல்லையா?"

"ஆட்டினேன்."

"காப்பாளரா இருந்துகிட்டு நீங்களே ஆட்டலாமா? அது தப்பான தகவல் இல்லையா?"

"பின்ன, வெளிய அடிச்ச காத்து இன்னா சாரு?"

"அது வேற. அது மிதவையில பதிவாகலையே."

செங்கம்மாளின் அட்டை பறிக்கப்பட்டது. குடையையும் திரும்பக் கேட்டார்கள். அது காற்றில் போய்விட்டது என்றதற்கு, எந்தக் காற்று என்று கேட்டு விளக்கம் கோரினார்கள். ஜெனிட்டா அலுவல் நேரத்தில் உறவினருக்குப் போன் பேசியது நிரூபணமானதால் அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இனி யாரும், குறிப்பாகப் பரீட்சை இல்லாத பிள்ளைகள், மிதவையை நெருங்காதபடி அதைச் சிமெண்டு போட்டு இறுக்கிச் சுற்றிலும் முள்வேலி போட்டார்கள்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஜெனிட்டாவுக்கும் ஜெபக்குமாருக்கும் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளையின் நகக்கண்ணில் கிரீஸ் இருந்ததைப் பெண் வீட்டார் கவனித்தார்கள். பெண் கவனித்துச் சிரித்தாள். இருவரும் முட்டுக்காட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே படகுத் துறையில் அவனுக்கு இன்ஜின் வேலை. வாசலை வேலி அடைத்துக்கொண்ட பிறகு கடை நடத்த முடியாமல் செங்கம்மாளும் மகனோடு போய்விட்டாள். மருமகளுக்கும் மாமியாருக்கும் இடையே அலை உயரம் எவ்வளவு என்று தகவல் இல்லை. பாலசுப்ரமணியன் பதவி உயர்வில் டெல்லிக்கே போய்விட்டார். சுப்புராமன் அவர் நாற்காலிக்கு நகர்ந்தார்.

மிதவையை ஆட்ட இப்போது அந்தக் கரையில் யாருமில்லை. அதனால் மாமல்லபுரத்துக் கடலில் அன்றிலிருந்து அலையே கிடையாது, தினமும் பச்சைதான். ஊரை விட்டு எங்கும் போகாத வெங்கடேசன் அந்தப் பச்சையைக் காட்டித்தான் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறான். ஒருநாள் அவன் திரும்பாவிட்டால், அமைதியான கடலில் அவன் ஏன் மூழ்கினான் என்று மையம் அவனிடம் விளக்கம் கேட்கும்.